24 வோல்ட் லாரியில் சார்ஜ் நிற்காத பேட்டரி: அளந்து கண்டுபிடித்த பதிவு

நான் பராமரித்து வரும் லாரி மிகவும் பழையது. அதன் டீசல் பம்பு முழுக்க இயந்திர வகையைச் சேர்ந்தது என்பதால், இன்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பிறகு அதற்கு மின்சாரமே தேவையில்லை; ஸ்டாப் கேபிளை இழுத்தால்தான் நிற்கும். இந்த வசதியே மின்கோளாறுகளை நெடுநாள் மறைத்தும் வைத்துவிடுகிறது. பகல் முழுவதும் வண்டி எந்தக் குறையும் காட்டாமல் ஓடும். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பும்போதுதான் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்ற மாட்டாமல் முனகும்.

ஓட்டுநர் என்னிடம் மூன்று குறைகளைச் சொன்னார். ஓரிரவு நின்றால் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது, இரண்டு இரவு நின்றால் சுற்றுவதே இல்லை என்பது முதல் குறை. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்பது இரண்டாவது. இரண்டு பேட்டரிகளில் ஒன்றுக்கு மட்டும் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்பதை மூன்றாவதாக, போகிற போக்கில் சொன்னார். கோளாறின் வேர் அந்த மூன்றாவது குறையில்தான் இருந்தது; நானோ அன்று அதற்குப் போதிய கவனம் கொடுக்கவில்லை. வண்டி என் பொறுப்புக்கு வருவதற்கு முன்பே ஆல்டர்னேட்டரையும் (இன்ஜினால் சுழன்று பேட்டரிக்குச் சார்ஜ் தரும் மின்னாக்கி) பேட்டரிகள் இரண்டையும் ஒருமுறை மாற்றியிருந்தார்கள். சில மாதங்கள் சரியாக ஓடிய பின் அதே கோளாறு திரும்பியிருந்தது. பாகங்களை மாற்றியும் கோளாறு திரும்பியது என்றால் அது பாகங்களுக்கு வெளியே இருக்கிறது என்று எண்ணி, எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் அளப்பது என்று முடிவு செய்தேன்.

வண்டியின் மின்னமைப்பு 24 வோல்ட். 12 வோல்ட், 120 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டுள்ளன. மைனஸ் முனை, மின்னோட்டம் திரும்பி வரும் வழியான சேஸிஸுடன் (வண்டியின் இரும்புச் சட்டம்) சேர்ந்திருக்கும் பேட்டரியை இந்தப் பதிவில் எர்த் பக்கத்து பேட்டரி என்றும், அதற்கு மேலே தொடரில் இருப்பதை பிளஸ் பக்கத்து பேட்டரி என்றும் குறிப்பிடுகிறேன். கையில் இருந்த கருவிகள் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், நேர்மின்னோட்டத்தையும் அளக்கும் கிளாம்ப் மீட்டர், பேட்டரி அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் ஆகியவைதாம். இவற்றோடு நான்கு மீட்டர் நீள வயரின் இரு நுனியிலும் கிளிப் பொருத்தி வைத்துக்கொண்டேன். பேட்டரி ஓரிடத்திலும் ஆல்டர்னேட்டர் வேறோர் இடத்திலும் இருக்கும் லாரியில், மீட்டரின் குட்டை வயர்களை வைத்துக்கொண்டு வோல்ட் இழப்பை அளக்கவே முடியாது.

ஓரிரவு நின்ற வண்டியில் காலையில் முதலில் அளந்தது இரு பேட்டரிகளின் மொத்த வோல்ட்டை. அது 24.6 காட்டியது. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்ட வேண்டும் என்பதால், மொத்தம் 25.2-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். 24.6 என்பதை இரண்டாகப் பகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 12.3 வருகிறது, அதாவது ஏறத்தாழ அறுபது விழுக்காடு சார்ஜ். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் சார்ஜ் போதவில்லை, அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டேன். பகுத்துப் பார்த்தேனே தவிர தனித்தனியாக அளக்கவில்லை என்பதுதான் அன்றைய பிழை.

அடுத்து, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி செல்ஃபை மட்டும் பத்து விநாடி சுற்றவைத்து அளந்தேன். சுற்றும்போது பேட்டரி முனைகளில் 20.1 வோல்ட் இருந்தது; அதே நேரத்தில் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே 17.4 மட்டுமே இருந்தது. 2.7 வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. கிளாம்ப் மீட்டர் காட்டிய மின்னோட்டம் சுமார் 200 ஆம்பியர்.

வழியில் வோல்ட் எங்கே இழக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது என்றாலும், பலர் அதைச் செய்வதில்லை. மீட்டரின் ஒரு முனையை வயரின் ஒரு நுனியிலும் மறு முனையை அதே வயரின் மறு நுனியிலும் வைத்து, மின்னோட்டம் பாயும்போது பார்க்க வேண்டும். நல்ல வயராக இருந்தால் மீட்டர் பூஜ்யத்துக்கு அருகிலேயே நிற்கும். அது காட்டும் எந்த அளவும் அந்த இடத்தில் வெப்பமாக வீணாகும் வோல்ட்தான். மின்னோட்டம் பாயாதபோது ஓம் அளவில் வைத்துப் பார்ப்பது இதற்கு மாற்றாகாது. இருபது முப்பது இழைகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் இருந்தாலும் மீட்டர் பூஜ்ய ஓம் என்றுதான் காட்டும், டெஸ்ட் லாம்பும் பிரகாசமாகவே எரியும். 0.01 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரின் கண்ணுக்கே படாத அளவு. ஆனால் அதன் வழியே 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் போய்விடும்.

பேட்டரி பிளஸ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை 0.5 வோல்ட் இழப்பு இருந்தது. அது பெரிய குறையன்று. மோட்டாரின் உடலிலிருந்து பேட்டரி மைனஸ் முனை வரை 2.2 வோல்ட் இருந்தது. அந்தப் பாதையைத் துண்டு துண்டாக அளந்தபோது பேட்டரி முனைக்கும் லக்குக்கும் (கேபிளின் நுனியில் பொருத்திய உலோகத் துண்டு) இடையே 0.1, மைனஸ் கேபிளில் 0.2, இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே 1.9 என்று வந்தது. இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே முழுதாகத் தெரிந்த அது, லக்கினுள் பச்சைக் களிம்பு ஏறி, விரலால் மடக்கியதும் இழைகள் பொடிந்து உதிர்ந்தன. சேஸிஸ் பக்கம் அதை மாட்டியிருந்த இடத்தில் பெயின்ட் சுரண்டப்படவே இல்லை. பக்கத்தில் ஓடும் ஸ்டாப் கேபிளின் மேலுறை ஓரிடத்தில் கருகியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். எர்த் பட்டை மின்சாரத்தை விடாதபோது, இன்ஜினிலிருந்து திரும்ப வேண்டிய மின்னோட்டம் ஸ்டாப் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த உலோகத்தின் வழியே எல்லாம் திரும்பப் பார்க்கும். கேபிள் காரணமின்றிச் சுட்டாலோ உறை உருகியிருந்தாலோ முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் எர்த் பட்டையைத்தான்.

பேட்டரி கேபிளின் அதே தடிமனில் புதிய எர்த் கேபிள் ஒன்றைச் செய்து, இரு பக்கமும் உலோகம் பளபளக்கும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். இந்த வேலைக்கெல்லாம் பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸ் முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் சேஸிஸில் படும் ஒரு கணத்தில் ஏற்படும் பொறியே, பேட்டரிக்கு மேலே தங்கியிருக்கும் ஹைட்ரஜன் வாயுவைப் பற்றவைக்கப் போதும். மீண்டும் அளந்தபோது மைனஸ் பக்க இழப்பு 2.2-லிருந்து 0.4-ஆகக் குறைந்தது. பேட்டரி முனையில் வோல்ட் 20.1-லிருந்து 19.7-ஆக இறங்கியது, மோட்டார் இப்போது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது என்பதே அதன் பொருள். மோட்டாருக்குக் கிடைத்ததோ 18.8 வோல்ட். சுற்றும் வேகத்தில் வேறுபாடு காதிலேயே கேட்டது.

எர்த் பட்டையை மாற்றுவதற்கு முன்பே சார்ஜ் பக்கத்தையும் அளந்து குறித்து வைத்திருந்தேன். எல்லா விளக்குகளையும் போட்டு, இன்ஜினைச் சற்று உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டபோது, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரில் 20 ஆம்பியர் பாய்ந்தது. ஆல்டர்னேட்டரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 28.4 வோல்ட், பேட்டரியில் 26.9 வோல்ட். 24 வோல்ட் அமைப்பில் பேட்டரிக்கு ஏறத்தாழ 28 வோல்ட் போய்ச் சேர வேண்டும். ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அதன் விளைவு பேட்டரியைச் சென்று சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. இழந்த 1.5 வோல்ட்டில் 0.9 பிளஸ் வயரில் இருந்தது. அந்த வயர் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில் சேரும் லக் தளர்ந்து, சூட்டில் நிறம் மாறியிருந்தது. 0.4 வோல்ட், ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் இன்ஜினுக்கும் இடையே, துருவும் பெயின்ட்டும் படிந்த தாங்கியில் போனது. மீதி 0.2 அதே எர்த் பட்டையில் போனது. 200 ஆம்பியருக்கு 1.9 வோல்ட் இழந்த பட்டை, 20 ஆம்பியருக்கு அதில் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது என்பதைக் கண்டபோது, அளவுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

டேஷ்போர்டில் உள்ள சார்ஜ் லைட் இத்தனை நாளும் ஒழுங்காக அணைந்துகொண்டுதான் இருந்தது. அந்த லைட் அணைவது, ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிட்டது என்பதை மட்டுமே சொல்லும். அது பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. அதே லைட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: இந்த வகை ஆல்டர்னேட்டரில் சுழலும் காந்தச் சுருளுக்கு முதல் மின்னோட்டம் அந்த பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு எரிந்துபோனால், இன்ஜினை நன்றாக முடுக்கும் வரை ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்காமலே இருக்கக்கூடும். ஆகவே சாவியைத் திருப்பியதும் அந்த பல்பு எரிகிறதா என்று பார்ப்பது, இன்ஜின் ஓடும்போது அது அணைகிறதா என்று பார்ப்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது.

மீட்டரை மாறுமின்னோட்ட அளவில் வைத்து, ஓடும் வண்டியின் பேட்டரி முனைகளில் பார்த்தபோது 0.2 வோல்ட்டுக்குக் கீழேயே இருந்தது. ஆல்டர்னேட்டரினுள் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் டையோடுகளில் ஒன்று பழுதாகியிருந்தால் அது பல மடங்கு கூடியிருக்கும். பெல்ட்டும் நன்றாக இருந்தது; அதன் அடிப்பாகம் கப்பியின் பள்ளத்தில் தட்டவில்லை, பக்கங்களில் வழுவழுப்பான மினுமினுப்பும் இல்லை. லக்கைப் புதிதாக அழுத்திப் பொருத்தி, ஆல்டர்னேட்டரின் உடலிலிருந்து சேஸிஸுக்கு நேரடியாக ஓர் எர்த் வயர் கொடுத்ததும் பேட்டரியில் 28.1 வோல்ட் வந்தது. ஹெட்லைட் மங்கலுக்குக் காரணம் அதன் எர்த் வயரைப் பிடித்திருந்த துருப்பிடித்த ஸ்க்ரூ. அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம்தான் ஆயிற்று.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, வண்டியின் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்து ஆல்டர்னேட்டரைச் சோதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய டைனமோவைக் கொண்டு கற்ற பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால், பேட்டரி என்ற தாங்கும் சுமை திடீரென விலகும் அந்தக் கணத்தில் வோல்ட் பல மடங்கு எகிறி, டையோடுகளையும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் கருக்கிவிடக்கூடும். நல்ல ஆல்டர்னேட்டர் சோதனையிலேயே பழுதாகி, பிறகு அதுவே கோளாறுக்குக் காரணம் என்று பெயர் வாங்கிவிடும். ஆல்டர்னேட்டர் முனையை உடலோடு உரசிப் பொறி வருகிறதா என்று பார்ப்பதும் இதே வகையைச் சேர்ந்த கேடுதான்.

வேலை முடிந்தது என்றுதான் வண்டியை அனுப்பினேன். நான்காம் நாள் காலையில் செல்ஃப் மீண்டும் முனகியது.

இம்முறை பேட்டரிகளைத் தனித்தனியாக அளந்தேன். பிளஸ் பக்கத்து பேட்டரி 12.69, எர்த் பக்கத்து பேட்டரி 11.94. மொத்தம் ஏறத்தாழ அதே 24.6. ஒன்று முழுமையாக நிரம்பியும் மற்றொன்று கால் பங்குக்கும் கீழே சார்ஜ் இறங்கியும் இருக்க, இரண்டும் சேர்ந்து நடுத்தரமான ஒரே எண்ணாகத் தெரிந்திருக்கின்றன. ஹைட்ரோமீட்டரும் அதையே சொன்னது: பிளஸ் பக்கத்தில் ஆறு செல்களும் 1.270-ஐ ஒட்டியும், எர்த் பக்கத்தில் ஆறும் 1.140 முதல் 1.150 வரையிலும் இருந்தன. எர்த் பக்கத்து பேட்டரியின் செல்கள் ஒன்றுபோலவே இறங்கியிருந்தது முக்கியமான தடயம். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்திருந்தால் அந்த பேட்டரியே பழுது என்று சொல்லலாம். ஆறும் ஒருசேர இறங்கியிருந்தால் அதற்குச் சார்ஜ் கிடைக்கவில்லை என்றே பொருள். பிளஸ் பக்கத்து பேட்டரியிலோ தண்ணீர் தகடுகளின் மேல் விளிம்பைத் தொடும் அளவுக்கு வற்றியிருந்தது. ஓட்டுநர் முதல் நாளே சொன்ன மூன்றாவது குறை இதுதான்.

இன்ஜினை ஓடவிட்டு அளந்தபோது எல்லாம் வெளிப்பட்டது. மொத்தம் 28.1 வோல்ட், குறையே இல்லாத எண். ஆனால் அதில் பிளஸ் பக்கத்து பேட்டரிக்கு 15.2, எர்த் பக்கத்து பேட்டரிக்கு 12.9. ரெகுலேட்டர் இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே பார்க்கிறது. அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை அறிய அதற்கு வழியில்லை.

இரு பேட்டரிகளையும் இணைக்கும் நடுக் கேபிளின் லக்கில், மெல்லிய சிவப்பு வயர் ஒன்று சேர்த்து முறுக்கப்பட்டிருந்தது. டேப் சுற்றிய அந்த வயர் கேபினுக்குள் சென்று, பாட்டுக் கேட்கும் கருவிக்கும் செல்பேசி சார்ஜருக்கும் ஒரு சிறிய மின்விசிறிக்கும் 12 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ்கூட இல்லை. இரவில் கேபினில் உறங்கும்போது மின்விசிறி ஓடும் என்று ஓட்டுநர் கேட்டபோது சொன்னார். கிளாம்ப் மீட்டரில் அது 2.5 ஆம்பியர் காட்டியது. பத்து மணி நேரம் ஓடினால் 25 ஆம்பியர்-மணி. அது முழுவதும் எர்த் பக்கத்து பேட்டரியிலிருந்து மட்டுமே போகிறது.

இதன் விளைவைச் சற்று விரிவாகச் சொல்வது பயன் தரும் என்று நினைக்கிறேன், ஏனெனில் 24 வோல்ட் வண்டிகளில் இப்படி நடுவிலிருந்து 12 வோல்ட் எடுப்பது மிகவும் பரவலான பழக்கம். தொடரில் இணைந்த இரண்டு பேட்டரிகளின் வழியே பாயும் சார்ஜ் மின்னோட்டம் ஒன்றே. ஒன்று மட்டும் 25 ஆம்பியர்-மணியை இழந்திருந்தாலும், அதற்கென்று தனியாகக் கூடுதலாகக் கொடுக்க ஆல்டர்னேட்டரால் முடியாது. நிரம்பிய பேட்டரி தன் வழியே அதிக மின்னோட்டத்தை விடாது. தொடரில் ஒன்று அடைத்துக்கொண்டால் பின்னால் இருப்பதற்கும் அது கிடைக்காது. ஆகவே நிரம்பியது மேலும் மேலும் வோல்ட் ஏறி, அதன் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து வெளியேறுகிறது. சார்ஜ் இறங்கியது நாள் முழுதும் இறங்கியபடியே கிடந்து, அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிப் போகிறது. ஒரே பழக்கம் ஒன்றை அதிகச் சார்ஜாலும் மற்றொன்றைக் குறைந்த சார்ஜாலும் கெடுக்கிறது. வண்டி ஓடும் பகலில் பாட்டுக் கருவி எடுக்கும் மின்சாரம்கூட எர்த் பக்கத்து பேட்டரிக்குப் போக வேண்டிய பங்கிலிருந்தே கழிகிறது. முன்பு மாற்றிய புதிய பேட்டரிகள் சில மாதங்களிலேயே தளர்ந்ததற்கும் இதைத் தவிர வேறு காரணத்தை நான் தேட வேண்டியிருக்கவில்லை.

சிவப்பு வயரை முழுவதுமாக அகற்றிய பின், நிற்கும் வண்டியில் மின்கசிவு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, மைனஸ் முனையைக் கழற்றி மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் தொடராக இணைத்தேன். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. மீட்டரின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 ஆம்பியர்தான் தாங்கும். மீட்டர் 0.01 ஆம்பியர் காட்டியது. இத்தகைய பழைய வண்டியில் 0.05 வரை இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

எர்த் பக்கத்து பேட்டரியைத் தனியாகப் பிரித்து, 12 வோல்ட் சார்ஜரில் 10 ஆம்பியர் அளவில் ஓரிரவு வைத்தேன். காலையில் ஆறு செல்களும் 1.255 முதல் 1.265 வரை ஏறியிருந்தன. சல்ஃபேட் இறுகி மீளாத நிலைக்கு அது போகவில்லை என்பது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தந்தது. பிளஸ் பக்கத்து பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினேன். தண்ணீர் ஊற்றிய உடனே ஹைட்ரோமீட்டரால் அளந்தால் மேலே நிற்கும் தண்ணீரைத்தான் அளப்போம் என்பதால், ஒருமுறை வண்டியை நன்றாக ஓட்டிய பிறகே அதை அளந்தேன்.

மின்விசிறியையும் பாட்டையும் ஓட்டுநரிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை. இரவெல்லாம் வண்டியிலேயே கிடப்பவருக்கு அவை தேவை. 24 வோல்ட்டை 12-ஆக மாற்றிக் கொடுக்கும், 10 ஆம்பியர் திறனுள்ள கன்வெர்ட்டர் ஒன்றைக் கேபினில் பொருத்தினேன். அது முழுத் திறனில் ஓடினாலும் 24 வோல்ட் பக்கம் சுமார் 6 ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால், பேட்டரிக்கு மிக அருகிலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். எந்தக் கருவியும் ஓடாதபோதும் கன்வெர்ட்டர் சிறிதளவு மின்சாரம் எடுக்கும் என்பதால், அதற்கு முன்னால் ஒரு ஸ்விட்சும் கொடுத்தேன். இனி மின்விசிறி எடுப்பதை இரு பேட்டரிகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். பத்து மணி நேரத்துக்கு ஒவ்வொன்றிலிருந்தும் 14 ஆம்பியர்-மணி அளவில் போகும். மறுநாள் ஓட்டத்தில் அது இரண்டிலும் ஒருசேரத் திரும்பிவிடும்.

பத்து நாள் கழித்து அளந்த அளவுகள் இவை. இன்ஜின் ஓடும்போது பிளஸ் பக்கம் 14.1, எர்த் பக்கம் 14.0. ஓரிரவு மின்விசிறி ஓடி நின்ற பின் 12.56, 12.54. செல்ஃப் சுற்றும்போது எர்த் பக்கம் 10.7, பிளஸ் பக்கம் 10.3. இந்தக் கடைசி வேறுபாடு, நெடுநாள் கொதித்துத் தண்ணீர் வற்றிய பிளஸ் பக்கத்து பேட்டரியின் தகடுகள் ஓரளவு வலுவிழந்திருப்பதைக் காட்டுகிறது. அது முற்றிலும் தளரும் நாளில் அதை மட்டும் மாற்றாமல் இரண்டையும் ஒரே வகையில், ஒரே வயதில் மாற்ற வேண்டியிருக்கும். புதியதும் பழையதும் தொடரில் சேர்ந்தால் அதே ஏற்றத்தாழ்வு மறுபடி தொடங்கிவிடும். அதுவரை மாதம் ஒருமுறை இரு பேட்டரிகளையும் தனித்தனியாக அளந்து எழுதிவைக்குமாறு ஓட்டுநரிடம் ஒரு மீட்டரையும் நோட்டையும் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இந்த ஆறு எண்களும் இருக்கின்றன.